கீழே வைத்த பை

மெஷின் நல்லதா இருந்துடணும். இன்னைக்கு ஒரு நாளைக்கு இந்தப் பையைக் கீழ வைக்கிற வேலை எனக்கு வரக் கூடாது. கையோட கொண்டு போய், கையோட திரும்பி வந்துடணும்.

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. மடியில் இருந்த சாப்பாட்டுப் பையை அவள் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். தம்பியின் சரக்கு வண்டியில் முன்னால் மூன்று பேர் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். தம்பி ஓட்டினான், ஜன்னலோரம் கணவர், நடுவில் அவள். தம்பி பேசுவது எதுவானாலும் அவளைத் தாண்டித்தான் அவரிடம் போக வேண்டும் என்பதற்காகவே அவள் அந்த இடத்தைப் பிடித்திருந்தாள். போய்ச் சேராமல் விழுவதைப் பொறுக்கிக் கொடுத்துவிடலாம்.

போன உடனே மெஷினின் எண்ணெய் மூடியைத் திறந்து பார்த்துவிடலாமா என்று தம்பி கேட்டான்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே, "வராது. காத்து அந்தப் பக்கம் அடிக்குது" என்றார்.

தம்பி சிரித்தான். மாமாவுக்கு என்னைவிட என் புல்லைப் பற்றித்தான் கவலை, மழை வந்துவிடுமோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டு வருகிறார் என்றான். அவளும் சிரித்தாள். தன் சிரிப்பு அவன் சிரிப்புக்கு முன்பே கிளம்பிவிட்டதோ என்று பிறகு யோசித்தாள். இந்த இரண்டு வருஷத்தில் இப்படிச் சிரிப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது.

தம்பியின் கவலை நியாயமானது. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுப் புல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். புல்லை வெட்டி, வெயிலில் புரட்டிக் காயவைத்து, கட்டுக் கட்டி, மாட்டுப் பண்ணைகளுக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தான். வாடகை மெஷின்காரன் நாளை நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தான். அதற்குள் புல் இடுப்பு உயரம் வந்து பூத்துவிட்டது. விதை பிடித்துவிட்டால் அப்புறம் அது புல் இல்லை, குச்சி. மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். சொந்தமாக ஒரு மெஷின் இருந்தால் பிழைத்துவிடுவான். புதிது வாங்க வழியில்லை, பழையதில்தான் பார்க்க வேண்டும். தப்பான மெஷினாக அமைந்து நட்டநடு நிலத்தில் நின்றுவிட்டால் அடுத்ததற்கு அவனிடம் எதுவும் மிச்சமில்லை. அவன் மனைவி தன் தையல் மெஷினைக்கூட விற்றுக் கொடுத்துவிட்டாள்.

யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் பார் என்று எல்லோரும் அவனுக்குச் சொன்னார்களாம். யாரையாவது எதற்கு, காதே என் வீட்டில் இருக்கும்போது என்று பதில் சொன்னானாம். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த பெருமையை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

காது என்பதுதான் அவள் கணவருக்கு வெளியே பெயர். சாலையோரத்தில் அவர் வைத்திருந்த பட்டறையில் டிராக்டரும் கதிர் அடிக்கும் மெஷினும் புல் வெட்டும் மெஷினும் எப்போதும் வரிசையில் நிற்கும். ஆனால் அவருக்குப் பெயர் வந்தது ரிப்பேரால் அல்ல. பழைய மெஷின் வாங்குகிற எவரும் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஓடுகிற மெஷின்மேல் நீளத் திருப்புளியின் முனையை ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, எங்கே என்ன தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும்.

கல்யாணமான புதிதில் அந்தத் திருப்புளியை அவள் காதிலும் வைத்திருக்கிறார். பட்டறையில் வேறு யாரும் இல்லாத மதியங்களில், "இப்ப கேளு. உள்ள ஒருத்தன் பல்லைக் கடிக்கிறான் பாரு" என்பார். முதலில் அவளுக்கு எல்லாமே ஒரே இரைச்சலாகக் கேட்டது. அவர் விரல் தன் காதைப் பிடித்திருப்பதில்தான் கவனம் இருந்தது. பிறகு ஒருநாள் இரைச்சல் பிரிந்தது. இது பெல்ட், இது பல்சக்கரம், இது பேரிங். வீட்டுக்குப் பின்னால்தான் பட்டறை. சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் கேட்டுக் கேட்டு, அவளை அறியாமலே அவள் காது அவர் காதாகிக்கொண்டிருந்தது. அதே வருஷங்களில் அவர் காதைச் சுத்தியலும் அறுக்கும் சக்கரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தன.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கருவி ஒன்று மாட்டிக்கொள்ளலாமே என்று ஒருமுறை அவள் கேட்டாள். "காதுல ஒரு மெஷினை மாட்டிக்கிட்டு மெஷின் பாக்கப் போனா எவன்டி கூப்பிடுவான்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பை விஷயத்தை அவர்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. ஒருநாள் அவர் மெஷின் பார்க்கப் போன இடத்துக்கு அவள் சாப்பாடு கொண்டுபோனாள். திருப்புளியைக் காதில் வைத்தபடி அவர் நல்லது என்று சொல்ல வாயெடுப்பது தெரிந்தது. மெஷினுக்குள்ளே ஒரு பேரிங் கரகரவென்று அரைபட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய சத்தம் இவருக்குக் கேட்கவில்லையா என்ற திகைப்பில் கையிலிருந்த பை தானாகத் தரைக்குப் போய்விட்டது. அவர் அவளையும் பார்த்தார், பையையும் பார்த்தார். "கொஞ்சம் இரு, பிரிச்சிப் பாத்துடலாம்" என்று மெஷின்காரரிடம் சொன்னார். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டே, "நாளைக்கும் சாப்பாடு கொண்டு வா" என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அன்றிலிருந்து அவர் போகிற இடத்துக்கெல்லாம் அவளும் போனாள். பை கையில் இருந்தால் மெஷின் நல்லது, தரையில் இருந்தால் இல்லை. வீட்டுச் சாப்பாடு பக்கத்தில் இல்லையென்றால் காது வேலை செய்யாதாம் என்று ஜனங்கள் கேலி செய்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். வெட்கப்படுகிறாள் என்று அவர்கள் நினைத்தார்கள். வெட்கம்தான், ஆனால் அவர்கள் நினைத்த வெட்கம் இல்லை. பிறர் வீட்டுக் கதவில் காதை வைத்து நிற்பவளைப் போலக் கூசும். ஒவ்வொரு முறையும் அவர் வாயிலிருந்து தன் தீர்ப்பு வருவதைக் கேட்கும்போது, நெஞ்சின் அடியில் ஒரு துளி சந்தோஷமும் எழும். அவருக்குக் கேட்காதது எனக்குக் கேட்கிறது. அந்த ஒரு துளிதான் மற்ற எல்லாவற்றையும்விட அவளை அதிகம் கூசவைத்தது.

மெஷினை விற்கிற பண்ணைக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். பருத்த உடம்பு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். காதே நேரில் வந்துவிட்டது, இனி நான் வாயைத் திறக்கலாமா என்று கேட்டுச் சிரித்தார். கணவர் அந்த உதடுகளைக் கவனமாகப் பார்த்துத் தானும் சிரித்தார். நேருக்கு நேர் நின்று பேசுபவர்களிடம் அவருக்குச் சிரமம் இல்லை.

மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில், சிமென்ட் களத்தில், டிராக்டரின் பின்னால் மாட்டி மெஷினை நிறுத்தியிருந்தார்கள். ஆள் படுக்கும் நீளத்துக்குத் தட்டையான ஒரு இரும்புப் பெட்டி. அதன்மேல் வரிசையாக வட்டத் தட்டுகள், ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் சிறிய கத்திகள். டிராக்டரின் தண்டு சுற்றினால் தட்டுகள் சுற்றும், புல் அடியோடு சாயும். பெட்டிக்குள் பல்சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். ஒரு பேரிங் கெட்டால்கூடப் போதும். அதிலிருந்து உதிர்கிற இரும்புத்தூள் எண்ணெயோடு சேர்ந்து மற்ற எல்லாச் சக்கரத்தின் பல்லையும் தின்றுவிடும். சில நாட்களிலேயே மெஷின் பழைய இரும்புக் கடைக்குத்தான் லாயக்கு.

சிவப்புப் பெயிண்ட் புதிதாக மின்னியது.

"என்ன, பரீட்சைக்குப் போற பையன் மாதிரி தலைவாரி நிக்குது?" என்றார் கணவர்.

பண்ணைக்காரர் உரக்கச் சிரித்தார். எண்ணெயையும் மாற்றி ஊற்றியாகிவிட்டது, பழசைக் கொடுத்தாலும் அழுக்காகக் கொடுக்க மனசு வராது என்றார்.

கணவர் நிமிர்ந்து ஒரு நொடி அவரைப் பார்த்தார். அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியும். பழைய எண்ணெய் இருந்தால் விரலில் தொட்டு வெயிலில் பிடித்துப் பார்க்கலாம், இரும்புத்தூள் இருந்தால் மினுங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். புது எண்ணெய் எதையும் சொல்லாது. இனிக் காதுதான்.

அதற்கு முன் அவர் கையும் கண்ணும் செய்ய வேண்டிய வேலை நிறைய இருந்தது. அதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. களத்தில் சாக்கைப் போட்டுப் படுத்து, பெட்டியின் அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் தழும்பு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்த்தார். தரையில் உரசும் தகடுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று நகத்தால் அளந்தார். ஒவ்வொரு தட்டையும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். கத்தி மாட்டும் போல்ட்டுகளைத் திருகிப் பார்த்தார். கல் தெறிக்காமல் இருக்கச் சுற்றிலும் தொங்கும் கித்தான் திரை ஒரு பக்கம் கிழிந்திருந்ததைத் தம்பியிடம் காட்டி, இது பெரிய விஷயமில்லை, நானே தைத்துத் தருகிறேன் என்றார். தம்பி அவர் பின்னாலேயே குனிந்தும் நிமிர்ந்தும் போய்க்கொண்டிருந்தான்.

அவள் கொட்டகையின் ஓரத்தில் பையுடன் நின்றாள். சாக்கில் புரண்டு எழுந்த கணவரின் முதுகெல்லாம் தூசி. இந்த மனுஷனைப் பார்த்து யார் குறை சொல்ல முடியும் என்று தோன்றியது. இதோடு முடிந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அப்போதுதான் பண்ணைக்காரரின் மனைவி அடுக்களை வாசலில் இருந்து கூப்பிட்டாள். வெயிலில் எதற்கு நிற்கிறீர்கள், ஆண்கள் மெஷினைப் பார்க்கட்டும், உள்ளே வந்து ஒரு வாய் டீ குடியுங்கள் என்றாள். இல்லை, பரவாயில்லை என்று இவள் சொல்ல, அதென்ன பரவாயில்லை என்று அவள் கையையே பிடித்துவிட்டாள். மறுக்க ஒரு காரணம் வேண்டும். கணவரைப் பார்த்தாள். போ என்று அவர் தலையை ஆட்டினார். முகத்தில் பதற்றமே இல்லை. தம்பி பக்கத்தில் நிற்பதில் அவருக்கு ஏதோ தெம்பு வந்திருந்தது.

அடுக்களை சிறியது. பெரிய பால் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தபடி சுவரோரம் இருந்தன. ஜன்னலில் கொசு வலை. அதன் வழியே களத்தில் டிராக்டரின் பின்சக்கரம் தெரிந்தது, மனிதர்கள் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். கீழே வையுங்களேன் என்றாள் வீட்டுக்காரி.

"இருக்கட்டும்."

"அதுல என்ன தங்கமா வெச்சிருக்கீங்க? யாரும் எடுத்துக்க மாட்டோம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பை மடியிலேயே இருந்தது. வேலைக்கு வந்த இடத்தில் காரணமில்லாமல் பையைத் தரையில் வைக்க அவள் கைக்கு இப்போதெல்லாம் வருவதில்லை.

வீட்டுக்காரி டீயை ஆற்றிக்கொண்டே மகளைப் பற்றிச் சொன்னாள். மகளும் மருமகனும் நகரத்துக்குப் போய்விட்டதால் இனி மாடுகளைக் குறைத்துவிடப் போகிறார்களாம், புல்லும் கட்டுவதாக இல்லையாம். டிராக்டர் உறுமத் தொடங்கியது. தட்டுகள் மெல்லச் சுழன்று, பிறகு சேர்ந்து ஒரே ஓசையாக எழுந்தன. அவள் டீயை வாயருகே வைத்தபடி குடிக்காமல் இருந்தாள். ஓடும்போது டிராக்டரின் இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். நிறுத்திய பிறகு, தட்டுகள் தானாகச் சுற்றி ஓயும் அந்தச் சின்ன நேரத்தில்தான் பெட்டி தனியாகப் பேசும். அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

டிராக்டர் நின்றது. தட்டுகளின் ஓசை இறங்கிக்கொண்டே வந்தது. அந்த ஓசைக்கு அடியில் அவளுக்குக் கேட்டது. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவரின் பக்கத்தில் படுத்திருப்பது போல. மணலை அரைத்து அரைத்து, கடைசியில் ஒரு சின்னக் கிளுக்கென்ற சத்தம்.

அவள் டீயை வாயருகிலிருந்து இறக்கினாள்.

"அப்பாடா, இது போய்த் தொலைஞ்சா என் தலைவலி போகும்" என்றாள் வீட்டுக்காரி. "முன்னாடியெல்லாம் இப்படிக் கத்தாது. போன அறுப்புல கல்லுல அடிச்சதுலேர்ந்துதான். பெயிண்ட் அடிச்சா சத்தம் போயிடுமான்னு கேட்டேன், மனுஷன் என்னை முறைக்கிறாரு."

சொல்லிச் சிரித்தவள் பாதிச் சிரிப்பில் நிறுத்தினாள். யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கரித்துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பு மேடையைத் துடைத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலைன்னு வெச்சுக்கங்க" என்றாள், முகத்தைத் திருப்பாமல். "எனக்கு என்ன தெரியும் மெஷினைப் பத்தி."

"எனக்கும் ஒண்ணும் தெரியாது" என்றாள் இவள்.

தன் புருஷனுக்காக அவள் குனிந்து மேடையைத் துடைக்கிறாள், தன் புருஷனுக்காக நான் பையை அணைத்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்தபோது, அந்தப் பெண்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. டீயை மேடையில் வைத்துவிட்டு, நல்ல டீ என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பதை இருவருமே பார்த்தார்கள்.

வெளியே வந்தபோது டிராக்டர் மறுபடி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் களத்தில் மண்டியிட்டு, திருப்புளியைப் பெட்டியின்மேல் ஊன்றி, காதைக் கைப்பிடியில் வைத்திருந்தார். கண் மூடியிருந்தது. தம்பி கைகளைக் கட்டிக்கொண்டு, பெரிய டாக்டர் நாடி பார்க்கும்போது உறவுக்காரர்கள் நிற்பார்களே, அப்படி நின்றான். அவர் கண்ணைத் திறந்தால் நேராகப் படுகிற இடத்துக்கு அவள் போனாள். பையைத் தரையில் வைத்தாள். நன்றாகத் தெரியும்படி, தன் காலுக்கு ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

பண்ணைக்காரர் டிராக்டரை நிறுத்தினார். தட்டுகள் ஓயத் தொடங்கின. மணல் அரைபட்டது. கிளுக். மூன்றாவது தட்டு. இத்தனை பக்கத்தில் அது அவள் பல்லிலேயே கூசியது. தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் சத்தம் கேட்டிருக்கும். ஆனால் எல்லா மெஷினும் இப்படித்தான் ஓயும் என்று அவன் நினைத்திருப்பான். மாமா இருக்கும்போது அவன் எதற்குக் கேட்க வேண்டும்?

எப்போதும் பேசுவதற்கு முன் அவர் ஒருமுறை அவள் பக்கம் பார்ப்பார். அன்றைக்குப் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்தார். முகத்தில் பல வருஷங்களுக்கு முன்னால் இருந்த வெளிச்சம் இருந்தது. மெஷினைத் தட்டிக்கொடுத்து, தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"சுத்தமா இருக்கு மாப்ளே. பால் மாதிரி ஓடுது. கண்ணை மூடிக்கிட்டு வாங்கு."

அதன் பிறகுதான் எழுந்தார். பையைப் பார்த்தார்.

அவள் அந்த முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. கூட்டத்தில் வேட்டி அவிழ்ந்துவிட்டதை யாரும் கவனிக்குமுன் தானே கண்டுகொண்டவனின் முகம். ஒரு நொடிதான். பிறகு பையிலிருந்து கண்ணை எடுத்து, கை கழுவத் தண்ணீர்க் குழாய் எங்கே என்று பண்ணைக்காரரிடம் கேட்டார்.

குழாய் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. துண்டு கொடுக்கப் போவதுபோல அவளும் போனாள். பை களத்திலேயே இருந்தது. பத்துப் பதினைந்து அடி தள்ளி, மெஷினுக்குப் பக்கத்தில் தம்பியும் பண்ணைக்காரரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அவரிடம் ரகசியம் பேச முடியாது. அவருக்குக் கேட்கும்படி சொன்னால் மாடுகளுக்குக்கூடக் கேட்கும். அவர் கையைத் தொட்டு நிமிரவைத்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். மூணாவது தட்டு. கல்லுல அடிச்சிருக்கு.

அவர் புரிந்துகொண்டார். குழாயை மூடாமல் ஓடவிட்டு, அதன் சத்தத்தில் குரலை ஒளித்துக்கொள்ள நினைத்தார் போலும். அவர் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது இப்போதெல்லாம் அவருக்கே தெரிவதில்லை. அவள் கையைக் காட்டி, இன்னும் மெதுவாக என்றாள்.

"கேட்டுச்சுடி" என்றார். "இன்னைக்கு நிஜமாவே கேட்ட மாதிரி இருந்துச்சு. அதான் உன்னைப் பாக்கல."

கையில் வந்த அதிர்வைக் காதில் விழுந்ததாக நம்பியிருக்கிறார். அந்த வெளிச்சம் பொய்யில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், தன் காது தனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டதாக ஒரு நிமிஷம் இருந்திருக்கிறார்.

இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள் என்று அவள் உதட்டால் கேட்டாள். சந்தேகம் என்று சொல்லுங்கள்.

அவர் தலையை ஆட்டினார். வாங்கு என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு என்ன சந்தேகம் என்றார். இந்தப் பண்ணைக்காரன் போகிற இடமெல்லாம் சொல்வான், காதுக்கு வயசாகிவிட்டது, பெண்டாட்டி கண்ணைக் காட்டினால்தான் பேசுகிறது என்று. உன் தம்பிக்கும் தெரிந்துவிடும். அப்புறம் பட்டறையை நான் யாருக்காகத் திறந்து உட்கார்ந்திருக்க வேண்டும்? பேசிக்கொண்டே ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். துண்டு அவள் கையில் இருந்தது அவருக்குக் கண்ணில் படவில்லை.

"வாங்கிட்டுப் போகட்டும். நம்ம பட்டறைக்குக் கொண்டாந்து நான் பிரிச்சிச் சரி பண்ணிடறேன். அவனுக்குத் தெரியவே வேண்டாம். வேற யாருக்காவது செய்யறேனா? உன் தம்பிதானே?"

ஒரு கணம் அது அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. ஆசையாகவும் இருந்தது. யாரும் தலைகுனிய வேண்டியதில்லை. பிறகு அந்த நீளப் பெட்டியை அவர் பட்டறையில் பிரித்துப் போட்டிருப்பதை நினைத்துப் பார்த்தாள். தூள் எத்தனை சக்கரத்தைத் தின்றிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? புதுச் சக்கரங்கள் வந்து சேர்ந்து மாட்டுவதற்குள் தம்பியின் புல் குச்சியாகியிருக்கும். அப்படியே மாட்டினாலும், சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

அதைத்தான் கேட்டாள். சரியாயிடுச்சான்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?

"நீ சொல்லுவே" என்றார் அவர்.

யோசிக்காமல் சொன்னார். உப்பு எங்கே என்று கேட்டால் அடுக்களையில் என்று சொல்வதுபோலச் சொன்னார். அவள் குழாயை மூடினாள். இத்தனை நாளும் ஒவ்வொரு பொய்யும் அன்றன்றைக்கு முடிந்துபோவதாக அவள் நினைத்திருந்தாள். இன்றைக்கு மட்டும், இந்த ஒரு மெஷினுக்கு மட்டும் என்று. அவருக்கு அது எப்போதோ வாழ்க்கையின் ஏற்பாடாகிவிட்டிருக்கிறது. அதை ஏற்பாடாக்கியதில் அவருக்கு இருந்த பங்கு தனக்கும் இருந்தது என்பதுதான் அவளை எரித்தது. முதல் நாளே பையை எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவர் தோற்றிருப்பார். தோற்று, என்றோ காதில் அந்தக் கருவியை மாட்டியிருப்பார். அவரைத் தோற்கவிடாமல் பார்த்துக்கொண்டதில் தனக்குக் கிடைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு துளியை விட மனமில்லாமல்தான் இத்தனை தூரம் வந்தாளோ?

களத்துக்குத் திரும்பினார்கள். அவர் முன்னால், அவள் பின்னால்.

பண்ணைக்காரர் டிராக்டரிலிருந்து மெஷினைக் கழற்றத் தயாராக நின்றார். அடுக்களை வாசலில் அவர் மனைவி வந்து நின்றிருந்தாள். கையில் இன்னும் அந்தக் கரித்துணி. தம்பி வண்டியின் பின்கதவைத் திறந்து பலகை சாய்த்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. தன் மனைவிக்குப் போன் செய்து சொல்லிவிட்டதாகச் சொன்னான். அவள் அழுதுவிட்டாளாம். நாளைக் காலையிலேயே வெட்ட ஆரம்பித்துவிடலாம் என்றான்.

"அக்கா, நீயும் ஒரு வார்த்தை சொல்லு. நம்ம வீட்டுக்கு முதல் மெஷின்" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் மருந்தைக் குடிக்குமுன் அவள் முகத்தைப் பார்ப்பான், கசக்குமா என்று கேட்பதற்கு. கசக்காது என்று அவள் தலையாட்டினால் கண்ணை மூடிக் குடித்துவிடுவான். கசந்தாலும் அவளைத் திட்டமாட்டான்.

"அவ என்ன சொல்லப் போறா?" என்றார் கணவர். குரல் களம் முழுக்கக் கேட்டது. கொட்டகையில் ஒரு மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. "நான் சொல்லியாச்சுல்ல. நேரமாகுது, பையை எடு. கிளம்பலாம்."

பை இருந்த இடத்திலேயே இருந்தது. வெயிலில் அதன் நிழல் சிறிதாகச் சுருங்கி அடியில் கிடந்தது. குனிந்தால் கைக்கு எட்டும். எடுத்துத் தோளில் போட்டால், அவள் இதுவரை எதுவுமே சொல்லவில்லை என்றாகிவிடும். அவர் கண்கள் அவளிடம் கெஞ்சுவதை அவள் பார்த்தாள். அந்தக் கண்கள் இதுவரை அவளிடம் எதற்காகவும் கெஞ்சியதில்லை. எடு. எடுத்துடு.

அவள் அசையாததைப் பார்த்துத் தம்பி தானே எடுத்துத் தருவதற்குக் குனிந்தான்.

"நீ தொடாதே" என்றாள். "அது கீழேயே இருக்கட்டும்."

தம்பி குனிந்தபடியே அவளை அண்ணாந்து பார்த்தான். பண்ணைக்காரரின் கை டிராக்டர் கொக்கியில் நின்றது. அடுக்களை வாசலில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எடுன்னு சொல்றேன்ல" என்றார் கணவர்.

அவள் அவரை நேராகப் பார்த்தாள். சத்தம் போடத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"எடுக்க மாட்டேங்க" என்றாள், பக்கத்தில் குனிந்திருந்த தம்பிக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு.

அவ்வளவு மெல்லச் சொன்னது அவர் காதில் விழுந்திருக்காது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவள் உதடுகளைத்தான்.